மையில் தெரிந்த இரண்டு கிட்னி

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி ஒன்றின் நான்காம் மாடியில் ஓர் அதிசய ஸ்கேன் சென்டர் நடந்துவந்தது. மெஷின் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். வெற்றிலையில் மை தடவிப் பிச்சைமுத்து சுவாமி உற்றுப் பார்த்தால் போதும்; குடல், ஈரல், முன்ஜென்மம் எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வரிசை படிக்கட்டு வழியே கீழ்த்தளம் வரை இறங்கும். பாலம் தாண்டிப் பத்து காவானிலிருந்தெல்லாம் காரில் வந்து நின்றார்கள். லிஃப்ட் பழுது. சுவரைத் துளைக்கும் சுவாமியின் பார்வைக்கு அது மட்டும் தெரியவில்லை.

அந்த வரிசையில் சுபாஷினி நான்கு வயது மகள் கௌரியை இடுப்பில் சுமந்து நின்றாள். குழந்தையின் இடது சிறுநீரகத்தில் கட்டி இருப்பதை மருத்துவமனையில் அல்ட்ராசவுண்ட் காட்டிவிட்டது. மற்றச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா, நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மறுநாள் சிடி ஸ்கேன். அதைப் பார்த்துத்தான் மருந்தா, அறுவையா என்று முடிவு செய்வார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்ட தாயின் கண்ணுக்கு மை தடவிய வெற்றிலையும் தெய்வம். நாத்தனார் குணவதி தடுத்தும் கேட்காமல் வந்துவிட்டாள். குணவதியும் கூடவே வந்தாள்.

சுவாமி வெற்றிலையைப் பார்த்தார்.

"கட்டியெல்லாம் இல்லம்மா, செய்வினை. நாளைக்கு அந்த மெஷின்ல படுக்க வெச்சா உடம்பு பூரா பரவிடும். எண்ணெய் போட்டு வயித்த அமுக்கி விடுறேன், கரைஞ்சிடும்."

சுபாஷினிக்குத் திக்கென்றது. "வயித்த யாரும் அமுக்க விடாதீங்கம்மா, கட்டி உள்ளேயே வெடிச்சிடலாம்" என்று மருத்துவமனையில் கௌரியைப் பார்க்கும் டாக்டர் நூருல் ஹுதா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சுவாமியோ எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிட்டார். யாரை நம்புவது என்று தெரியாமல் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

குணவதி முன்னால் வந்து உட்கார்ந்தாள். "பிள்ளைய அப்புறம் தொடலாம் சாமி. மொதல்ல என்னைய பாருங்க லா. எனக்கும் கிட்னி பிரச்சனைதான்."

சுவாமி புது வெற்றிலை எடுத்தார். "ரெண்டு கிட்னியும் தெரியுது. வலது சுத்தம். இடதுலதான் கண்ணு பட்டிருக்கு."

"இடது நல்லா தெரியுதா சாமி?"

"கண்ணாடி மாதிரி."

"அது என் வீட்டுக்காரர் வயித்துல இருக்கு. கொடுத்து ஆறு வருஷம் ஆச்சு." இடுப்புப் பக்கம் இருந்த தழும்பைக் காட்டினாள். "போன மாசம் ஆஸ்பத்திரியில ஸ்கேன் மெஷின வெச்சுப் பாத்த பொண்ணு, நான் வாய திறக்கறதுக்கு முன்னாடியே 'ஒண்ணுதான் இருக்கா அக்கா'ன்னு கேட்டுச்சு."

சுவாமி தொண்டையைச் செருமினார். "நான் பாத்தது சூட்சும கிட்னி."

வரிசையில் யாரோ சிரித்தார். பிறகு படிக்கட்டே சிரித்தது. சுபாஷினி மட்டும் சிரிக்கவில்லை. தன் மேலேயே வந்த ஆத்திரத்தில் அழுதாள். மகளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள்.

மறுநாள் சிடி எடுத்தார்கள். நுரையீரல் சுத்தம், வலது சிறுநீரகம் நலம். முதலில் மருந்து, கட்டி சுருங்கியதும் அறுவை என்று டாக்டர் படத்தைக் காட்டியே விளக்கினார்.

அடுத்த ஞாயிறும் நான்காம் மாடியில் பாதி வரிசை நின்றதாகக் கேள்வி. இல்லாத கிட்னியைச் சுவாமி கண்டுபிடித்துவிட்டார். இருக்கிற மூளையை நீங்களாவது கண்டுபிடியுங்கள், மகாஜனங்களே.