நாற்பத்தொன்றாம் கன்றின் மூக்கில் வெள்ளைப் பிசாசு

கனடாவின் சஸ்காட்சுவான் புல்வெளியில் அன்று திரண்ட கூட்டத்தைப் பார்த்திருந்தால், வானத்திலிருந்து இலவச டிராக்டர் கொட்டுகிறது என்றே நினைத்திருப்பீர்கள். பிக்கப் வண்டிகள் அமெரிக்க எல்லைவரை நின்றன. (குறைத்துச் சொன்னதுதான்.)

எல்லாம் லெஸ்டர் பிளம்மைப் பார்க்க. கன்றுகளின் நுரையீரலிலிருந்து வெள்ளைப் பிசாசை உருவி எடுக்கும் மகான். போன வருஷம் வரை ஜன்னல் விற்றவர். ஜன்னலில் இல்லாத லாபம் பிசாசில் இருக்கிறது.

அக்டோபர் மாதம். ஏலத்தில் வாங்கி, லாரியில் நாள் முழுக்கக் குலுங்கி வந்த கன்றுகள் இருமத் தொடங்கும் காலம். ஓரெஸ்ட் ஹ்ரிஷ்கோவின் பட்டியில், நாற்பத்தொன்றாம் எண் காதுவில்லை போட்ட செங்கன்று இரண்டு நாளாகத் தீவனம் தொடவில்லை. கழுத்தை நீட்டி வாயால் மூச்சு வாங்கியது. ஓரெஸ்ட் மணிக்கொருதரம் வந்து பார்த்தான். ஆனாலும் ஊசி போடவில்லை. "மூணு நாளைக்கு ஊசி கூடாது, குத்தினா பிசாசு உள்ளயே சுருண்டு படுத்துக்கும்" என்பது மகானின் தொலைபேசி உத்தரவு.

கன்றை இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தினார்கள். லெஸ்டர் தோள்வரை ரப்பர் கையுறை மாட்டினார். கன்றின் மூக்கைப் பொத்தி, "வெளியே வா!" என்று கத்தினார். கையை இழுத்தபோது விரல்களில் வெள்ளையாக ஏதோ வழிந்தது.

"அய்யய்யோ, பிசாசோட வாலைப் பாருய்யா!" என்று அலறினார் பக்கத்துப் பண்ணை வெர்னன். உடனே பதினோரு பேர் வாலைப் பார்த்தார்கள். நாலு பேர் கொம்பையும் பார்த்தார்கள்.

"எனக்குக் கொஞ்சம் குடுங்க" என்று ஒரு குரல். ஓரெஸ்டின் மனைவி சொல்லாமல் கொள்ளாமல் அழைத்திருந்த கால்நடை மருத்துவர் ஹெல்கா தோர்சன்.

"தொட்டா கை வெந்துடும்மா" என்றார் லெஸ்டர்.

"உங்க கை வேகலையே? ஓரெஸ்ட், கன்னு பிறந்தா தொப்புள்ல தடவுவியே அயோடின், அதை எடுத்துட்டு வா."

அது இல்லாத மாட்டுக்கொட்டகை இந்த ஊரில் கிடையாது. ஹெல்கா இரண்டு டப்பா மூடிகளை வைத்தார். ஒன்றில் லெஸ்டரின் பிசாசு. மற்றதில், கன்றின் மூக்கில் தானாக ஒழுகிய மஞ்சள் சளி.

"நீயே ஊத்து."

ஓரெஸ்ட் ஊற்றினான். சளி அயோடினின் பழுப்பிலேயே கிடந்தது. பிசாசு மட்டும் மைக்கூடு கவிழ்ந்ததுபோலக் கருநீலமானது.

"கோபத்துல கறுத்துடுச்சு!" என்று குதித்தார் லெஸ்டர்.

"அயோடின் பட்டா உருளைக்கிழங்கும் இப்படித்தான் கோபப்படும். இது மாவுய்யா!" ஹெல்கா அவர் கையுறையைப் பிடுங்கி உதறினார். மாவு வழியும் பிளாஸ்டிக் பை ஒன்று விழுந்தது. வெர்னன் விரலால் தொட்டு நக்கினார். "மாவேதான். உப்பு கம்மி."

"நிஜமான சளியில இருக்கிறது பிசாசு இல்ல ஓரெஸ்ட். கன்னோட சொந்தப் பட்டாளம். நுரையீரல்ல கிருமி புகுந்ததும் ரத்தத்துல ஓடுற வெள்ளை அணு குழாய்ச் சுவத்துல ஒட்டி, இடுக்குல நெளிஞ்சு உள்ள பாயுது. கிருமியைத் தின்னுது. ஆனா ரொம்ப சேந்துட்டா, செத்து வெடிச்சு, நுரையீரலையே பொசுக்கிடும். கூட்டம் சேர்றதுக்குள்ள கிருமியைக் கொல்லத்தான்யா ஊசி!"

"ரெண்டு நாள் வீணாக்கிட்டேனே டாக்டர். பிழைக்குமா?"

"நேத்தே போட்டிருந்தா பிழைக்கும்னு அடிச்சுச் சொல்லியிருப்பேன்."

ஓரெஸ்ட் தானே ஊசி போட்டான். அதற்குள் லெஸ்டரின் வண்டி எழுப்பிய புழுதி மட்டும்தான் மிஞ்சியது. நாலாம் நாள் செங்கன்று தீவனத்தில் வாய் வைத்தது. ஆனால் பத்தடி நடந்தாலே இன்றுவரை நின்று மூச்சு வாங்குகிறது. பொசுங்கிய நுரையீரல் திரும்பி வருமா என்ன?

வெர்னன் மட்டும் விடவில்லை. "அது சரி டாக்டர், நான் பாத்த வாலு யாரோடது?"

வெள்ளை அணுவுக்கு மூளை கிடையாது. கூப்பிட்ட பக்கம் கண்ணை மூடிக்கொண்டு ஓடும், நெரிசலில் தான் காக்க வந்த வீட்டையே கொளுத்தும். அதை மன்னித்துவிடலாம். மூளையோடு பிறந்து, பிக்கப்பில் வந்து இறங்கியவர்களை எந்தக் கணக்கில் மன்னிப்பது?