சம்பந்தியின் தோளில் ஒட்டிய பஞ்சு

கிளென் ஈடன்,
நவம்பர் கடைசி ஞாயிறு

மதிப்பிற்குரிய சம்பந்தி குணரத்தினம் ஐயா அவர்களுக்கு, மளிகைக்கடை பாஸ்கரன் பணிவுடன் எழுதுவது. நீங்களும் உங்கள் துணைவியார் வசந்தமலர் அம்மாவும் ஹில்ஸ்பரோவில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்ற விஷயங்களில் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டு, பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு, "ஓம், ஓம்" என்று ஆமாம் மட்டும் போடுவீர்கள். மறுநாள் நான் சொன்னது முழுவதும் பக்குரங்காவில் பிரணவன் மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் தாரிணிக்கு இது முதல் பிரசவம். எங்கள் பக்கத்தில் முதல் பிள்ளையைப் பெற்றவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராகத் தாய்வீட்டுக்குத்தான் வருவாள். கல்யாணப் பேச்சிலேயே இதைச் சொன்னேன். அதற்கும் ஓம் என்றீர்கள். இப்போது பிள்ளை இன்றோ நாளையோ என்றிருக்கிற நேரத்தில், பாஸ்கரன் வீட்டில் பஞ்சு பறக்கிறது என்று கிளம்பியிருக்கிறீர்கள்.

பறக்கிறது, நான் மறைக்கவில்லை. பின்வீட்டு ட்ரெவரின் பாப்ளர் மரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, நவம்பரில் இங்கே கோடை தொடங்கினால் தலையணை கிழிந்த மாதிரி இந்தப் பக்கம் கொட்டுகிறது. ஆனால் அது இன்றைக்கா கொட்டுகிறது?

போன சனிக்கிழமை டீ குடிக்க வந்தீர்கள். உங்கள் நீலச் சட்டைத் தோளில் ஒரே ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது. தட்டிவிட்டிருக்கலாம். தட்டவில்லை. இரண்டு விரலால் எடுத்து சாஸர் ஓரத்தில் வைத்து அம்மாவைப் பார்த்தீர்கள். அம்மா பஞ்சைப் பார்த்தார். பிறகு இருவரும் சேர்ந்து என் மகளின் வயிற்றைப் பார்த்தீர்கள். எனக்கு இது புதிதில்லை. மிளகாய் மூட்டைக்கு விலையைக் குறைக்க வருகிறவன் மூட்டையைக் குறை சொல்லமாட்டான். ஒரு சொத்தைக் காயை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுச் சும்மா இருப்பான். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் நீங்கள் வாயைத் திறந்தீர்கள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, சம்பந்தி. பச்சைப் பிள்ளையின்ரை மூக்கு சின்னன். நீங்களே யோசிச்சுப் பாருங்கோ."

அன்று முதல் எனக்கு அதே வேலைதான். யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. போன வருஷம் இதே மாதத்தில் எங்கள் வீட்டில் நீங்கள் அடுக்குத் தும்மல் போட்டபோது, பஞ்சால்தானே என்று நான் வருத்தப்பட்டேன். வாழ்நாளெல்லாம் மருந்துக்கடையில் நின்றவர் என்ற முறையில் நீங்கள் எனக்கு வகுப்பே எடுத்தீர்கள்: பஞ்சு அப்பாவி, கண்ணுக்குத் தெரிவதால் பழியைச் சுமக்கிறது, தும்ம வைப்பது கண்ணுக்குத் தெரியாத புல் மகரந்தம் என்று. போன வருஷத்து அப்பாவி இந்த வருஷம் குற்றவாளி ஆனது எப்படி? நடுவில் மாறியது ஒன்றே ஒன்றுதான். தாரிணி முழுகாமல் இருக்கிறாள்.

சரி, சம்பந்தி வாயை அடைத்துவிடலாம் என்று வேலையில் இறங்கினேன். முதலில் இலை ஊதுகிற மிஷினை இரவல் வாங்கி முற்றத்துப் பஞ்சை வேலிப் பக்கம் ஊதினேன், அது வேலி வரைக்கும் போய் மனசு மாறித் திரும்பி வந்தது, வந்த வழியில் கொடியில் காய்ந்த துணியிலெல்லாம் ஏறிக்கொண்டது, அது என்ன துணி என்றால் பிறக்கப்போகிற பிள்ளைக்காக வீட்டுக்காரி சுந்தரி என் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்துப் போட்டது, ஒவ்வொன்றும் ஆட்டுக்குட்டி மாதிரி ஆகிவிட்டது, "பிள்ளைக்குத் துணி கேட்டேன், கம்பளியா கேட்டேன்?" என்று அவள் எடுத்து என் மேலேயே போட்டாள். அடுத்தது ஹீட் பம்ப் ஏ.சி. குளிர்விக்காமல் உறுமுகிறதே என்று வெளியே போய்ப் பார்த்தால் அதன் வெளிப்பெட்டி பஞ்சு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறது. சுவிட்சை அணைத்துவிட்டு மெல்லிய பிரஷ்ஷால் எடுத்திருக்க வேண்டுமாம். நான் கடை வாசல் கழுவுகிற பிரஷர் வாஷரைக் கொண்டுவந்து நேராக அடித்தேன். பஞ்சு போனது, ஆனால் உள்ளே போனது; தகடெல்லாம் மிதிபட்ட சீப்பு மாதிரி மடங்கிவிட்டது. பார்க்க வந்த ரிப்பேர்காரர் தொப்பியைக் கழற்றினார். கடைசியில் கடையில் கிடந்த வெங்காய மூட்டை வலைகளை இரண்டிரண்டாக மடித்து எல்லா ஜன்னலுக்கும் வெளியே ஸ்டேப்ளர் அடித்தேன். அடித்து முடித்த பிறகுதான் ஜன்னல்கள் வெளிப்பக்கம் திறப்பவை என்பது நினைவுக்கு வந்தது. இப்போது பகலிலும் வீட்டுக்குள் எல்லோரும் ஆரஞ்சு நிறமாக இருக்கிறோம். கோழி வளர்க்கப் போகிறாயா என்று ட்ரெவர் கேட்டார்.

ட்ரெவர் பொல்லாதவர் இல்லை. பெண் மரம்தான் பஞ்சு விடும், தெரியாமல் நட்டுவிட்டேன் என்றார். காய்ந்த பஞ்சை ஊதாதே, தண்ணீர் தெளித்து ஈரமாக்கிக் கூட்டு என்றார். நல்ல யோசனைதான், இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? போன சனிக்கிழமை நீங்கள் வேலியோரம் நின்று அவரோடு வெகுநேரம் கதைத்ததை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். என்ன பேச்சு என்று அவரிடம் விசாரித்தால் கிரிக்கெட் என்கிறார். நீங்கள் கிரிக்கெட் பார்த்து நான் பார்த்ததில்லை.

உங்கள் வீட்டிலும் பஞ்சு உண்டு என்பதற்கு எனக்கும் ஆதாரம் வேண்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை நீங்கள் கோயிலுக்குப் போயிருந்தபோது முருங்கைக்காய் வைத்துவிட்டுப் போனேன் அல்லவா? முருங்கைக்காய் உண்மை. ஆனால் வந்தது அதற்கில்லை. உங்கள் வீட்டை ஒரு சுற்று சுற்றினேன். கராஜுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு கைப்பிடி பஞ்சு கிடந்தது. பையில் போட்டுக் கொண்டுவந்து, பார்த்தாயா ஹில்ஸ்பரோ லட்சணத்தை என்று சுந்தரியிடம் காட்டினேன். அவள் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, இது மரத்துப் பஞ்சில்லை, துணி உலர்த்துகிற மிஷின் வெளியே துப்பின தும்பு, இந்தப் பச்சை நூல் சம்பந்தியின் கைலி என்கிறாள். நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆகவே கறாராகச் சொல்கிறேன். பிள்ளை எங்கள் வீட்டுக்குத்தான் வரும். தாரிணி கல்யாணமாகிப் போன நாளிலிருந்து இந்த வீட்டில் சத்தம் என்று கேட்டால் ஃபிரிட்ஜ் சத்தம்தான். நானும் சுந்தரியும் பேசிக்கொள்வதற்கு இருந்ததையெல்லாம் பேசி முடித்துவிட்டோம். ஒரு குழந்தை வீறிட்டு அழட்டும் என்று காத்திருக்கிறோம். அதை ஒரு சாஸரையும் ஒரு பஞ்சையும் வைத்து நீங்கள் தட்டிக்கொண்டு போக முடியாது. பேரப்பிள்ளையைப் பார்க்க நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம். முதல் நாளே சொல்லிவிட்டு வரவும்.

வயதில் மூத்தவர் உங்களுக்கு நான் ஆசி சொல்ல முடியாது. முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நேரான எண்ணத்தையும் கொடுக்கட்டும். வசந்தமலர் அம்மாவுக்குச் சுந்தரியின் அன்பு. அவர்மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, இப்போதைக்கு.

இப்படிக்கு,
உண்மையுள்ள சம்பந்தி,
பாஸ்கரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது தாரிணியும் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்கள். தாரிணி ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். "அப்பா, மிட்வைஃப் வீட்டுக்கே வந்து பாப்பாங்க. இதைப் பாத்தா புள்ளையைப் பத்தி எழுதமாட்டாங்க, உங்களைப் பத்திதான் எழுதுவாங்க" என்றாள். பிள்ளை இங்கேயும் வராதாம், அங்கேயும் வராதாம், பக்குரங்காவில் அவர்கள் வீட்டிலேயே இருக்குமாம். சுந்தரி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறிவிட்டாள். அடுத்து அங்கே வந்து வசந்தமலர் அம்மாவையும் ஏற்றிக்கொள்ளப் போகிறார்கள். அப்பாமார் ரெண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமையில வந்து பாருங்கோ என்கிறார் மாப்பிள்ளை. அவர் பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார்: பிள்ளைக்கென்று நீங்கள் உங்கள் வீட்டில் ஒரு அறைக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறீர்களாம். என் சந்தேகம் சரிதான். இருக்கட்டும், இப்போது அதைப் பேசவேண்டாம். இங்கே ஹீட் பம்ப் ஓடாது, ஜன்னல் திறக்காது, சாப்பாட்டுக்கும் வழியில்லை. வேறு கடிதம் எழுத நேரமில்லை, ஹாரன் அடிக்கிறார்கள். மாப்பிள்ளை கையில் இதையே கொடுத்தனுப்புகிறேன், மேலே உள்ளதைப் படிக்காமல் இதை மட்டும் படிக்கவும். அந்த அறையில் கட்டில் இருக்கிறதா, இல்லை வெறும் தொட்டில்தானா? தொட்டில்தான் என்றால் சொல்லியனுப்புங்கள், கடை வேனில் மெத்தையை ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.