பதினான்கு கிலோ ஆசை

"ஒண்ணு இந்த வண்டியில இந்த இரும்பு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்!"

முழங்காலைத் தேய்த்தபடி மனைவி ஜீப்பிலிருந்து இறங்கினாள். பல் டாக்டர் அவள் முழங்காலைப் பார்க்கவில்லை. ஜாக்கியில் கீறல் விழுந்திருக்கிறதா என்று பார்த்தார்.

ஜாக்கி என்றால் கார் டிக்கியில் ஒரு மூலையில் முடங்கிக் கிடக்குமே, அந்தச் சோனி ஜாக்கி இல்லை. நாலடி உயரம், பதினான்கு கிலோ, சிவப்புப் பெயின்ட். நெடுக ஓட்டை போட்ட இரும்புத் தண்டு, அதில் ஓட்டை ஓட்டையாக ஏறும் ஒரு கொக்கி, ஆட்டி ஆட்டி ஏற்ற நீளமாக ஒரு கைப்பிடி. காட்டிலும் சேற்றிலும் மாட்டிக்கொண்ட வண்டியை அலாக்காகத் தூக்கிவிடும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். டாக்டரின் ஜீப்போ வீட்டுக்கும் கிளினிக்குக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர் தார் ரோட்டில் போய்வருகிற வண்டி. வழியில் உள்ள ஒரே மேடு, பள்ளிக்கூட வாசல் வேகத்தடை.

மூன்று வருஷமாக ஜாக்கிக்கு ஓர் இடம் அமையவில்லை. பானட் மேல் மாட்டினார். பாதி ரோடு மறைந்தது. பின்கதவில் மாட்டினார்; கனம் தாங்காமல் கதவு தொங்கிப்போய் மூட மறுத்தது. கூரையில் கட்டினார், அது அடித்த 'டங் டங்'கில் ஐஸ் வண்டி வருகிறது என்று குழந்தைகள் வெளியே ஓடி வந்தார்கள். கடைசியில் உள்ளே, இரண்டு சீட்டுக்கும் நடுவில் படுக்கவைத்தார். பிரேக் போடும்போதெல்லாம் அது நகர்ந்து மனைவியின் முழங்காலை விசாரித்தது.

மனைவி தலைமையாசிரியை. எழுநூறு பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்குகிறவள். அடங்காத ஒரே பிள்ளை வீட்டில் இருந்தது.

"மூணு வருஷத்துல ஒரு தடவையாவது இதைத் தொட்டிருக்கீங்களா?"

"தினமும் துடைக்கிறேனே!"

"துடைக்கிறதுக்கா வாங்கினீங்க? சரி, வர்ற ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை இதுக்கு வேலை வந்துச்சுன்னா, ஆயுசுக்கும் வாயைத் திறக்க மாட்டேன். இல்லேன்னா பழைய இரும்புக்குப் போயிடணும்."

நாள் முழுக்க ஊரார் வாய்க்குள் எட்டிப் பார்த்துப் பிழைக்கிற மனிதருக்கு, வீரம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஜாக்கி ஒன்றுதான். அன்று ராத்திரி அதை இன்னொரு தடவை துடைத்து வைத்தார்.

அந்த வாரம் முழுவதும் எங்காவது ஒரு வண்டி மாட்டிக்கொண்டு நிற்காதா என்று தெருத்தெருவாகச் சுற்றினார். பஞ்சரான லாரி ஒன்றுதான் கிடைத்தது. ஜாக்கியைத் தோளில் சுமந்து போய் நின்றார். டிரைவர் நிமிர்ந்து பார்த்து, "சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்குது" என்றார்.

சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மனைவி, செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "நம்ம கேட்டுக்கு வெளியில யாரோ குழி தோண்டிப் போட்டிருக்காங்க. தண்ணி வேற நிக்குது. பார்த்து ஓட்டுங்க."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. டாக்டர் அன்று இரண்டு முறை வெளியே போய், குழியை ஆசையோடு பார்த்துவிட்டு வந்தார்.

ஞாயிறு காலை மனைவி வராந்தாவில் தெருவைப் பார்த்து நாற்காலி போட்டு, பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

"கிளினிக் வரைக்கும் போயிட்டு வர்றேன்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஒரு பல்லு... அவசரம்."

"பாவம். போயிட்டு வாங்க."

ஜீப் கேட்டைத் தாண்டியது. நேராகப் போனால் தார் ரோடு. டாக்டர் ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தார். "ஐயையோ!" என்று கத்தினார். அதற்கு அரை வினாடி கழித்துத்தான் பின்சக்கரம் குழியில் தொபுக்கென்று இறங்கியது.

"மாட்டிக்கிச்சா?" என்றாள் மனைவி, தாளிலிருந்து தலையை எடுக்காமல்.

"மாட்டிக்கிச்சு! நல்லவேளை, ஜாக்கி இருக்கு!"

ஜாக்கியை இழுத்து வந்து நிறுத்தினார். கொக்கி அசையவில்லை. வெளியே பளபளவென்று துடைத்தாரே தவிர, உள்ளே துரு ஏறியதை அவர் கண்டாரா? சமையலறைக்கு ஓடி, கிடைத்த எண்ணெயை எடுத்து வந்து தலையோடு ஊற்றினார். கொக்கி இளகியது. கைப்பிடியும் எண்ணெயில் குளித்தது.

இரண்டு ஆட்டு ஆட்டினார். ஜீப் எழும்பவில்லை. ஜாக்கிதான் சேற்றுக்குள் இறங்கியது.

"அடியில பலகை ஏதாவது வைக்கணும்..."

"மேடையில காய் நறுக்குற பழைய பலகையை எடுத்து வச்சிருக்கேன். புதுசைத் தொடாதீங்க" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

பழைய பலகை ஒரே அழுத்தில் இரண்டாகப் பிளந்தது. டாக்டர் ஷெட்டுக்குப் போய், கிளினிக்கின் பழைய பெயர்ப்பலகையைத் தூக்கி வந்து போட்டார். 'வலியில்லாமல் பல் பிடுங்கப்படும்' என்று எழுதிய கனமான பலகை. அது தாங்கியது.

பம்பரில் கொக்கியை மாட்டி ஆட்டினார். ஜீப் எழுந்தது. டாக்டரின் நெஞ்சு அதைவிட உயரமாக எழுந்தது. ஆனால் எத்தனை ஏற்றினாலும் ஜீப்பின் உடம்புதான் மேலே போனது. சக்கரம் குழிக்குள்ளேயே சுகமாக உட்கார்ந்திருந்தது.

பக்கத்து வீட்டுத் தையல்காரர், கழுத்தில் டேப்போடு மதில்மேல் எட்டிப் பார்த்தார். "டாக்டர், காலை விட்டுட்டு இடுப்பை மட்டும் தூக்குறீங்களே!"

"எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் ஏத்தினா எல்லாம் வந்துடும்."

இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பதறியதில் எண்ணெய்க் கைப்பிடி வழுக்கி, விர்ரென்று மேலே பறந்து, அவர் தாடையில் 'டொக்'கென்று இறங்கியது. அதே வேகத்தில் ஜீப் சறுக்கி, ஜாக்கியின் மேலேயே உட்கார்ந்தது. சேற்றுக்கு வெளியே பெயர்ப்பலகையில் 'வலியில்லாமல்' மட்டும் தெரிந்தது.

டாக்டர் நாக்கால் தடவிப் பார்த்தார். கீழ் வரிசையில் முன்பல் ஒன்று ஆடியது.

"இப்ப ஜாக்கியை எப்படி வெளிய எடுக்கறது?" என்று கேட்டார் தையல்காரர்.

"ஜீப்பைத் தூக்கணும்."

"ஜீப்பை எப்படித் தூக்கறது?"

"ஜாக்..." என்று தொடங்கிய டாக்டர் வாயை மூடிக்கொண்டார். மூடினாலும் வலித்தது.

தையல்காரர் மதிலைச் சுற்றி வந்தார். அவர் கையில் இஸ்திரிப்பெட்டி அளவுக்கு ஒரு குட்டி ஜாக்கி இருந்தது. "என் பழைய காரோடது. காலையிலேயே எடுத்து வச்சுட்டேன்" என்றார். ஏன் காலையிலேயே எடுத்து வைத்தார் என்று கேட்கிற நிலையில் டாக்டர் இல்லை. தையல்காரர் அதைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் அச்சுக்கு அடியில் செங்கல்மேல் வைத்துத் திருகினார். சக்கரம் எழுந்தது. குழிக்குள் நாலு செங்கல் போட்டார்கள். பத்தே நிமிஷத்தில் ஜீப் வெளியே வந்து நின்றது.

மனைவி துணியில் ஐஸ்கட்டி சுற்றி எடுத்து வந்தாள். "வாயைத் திறங்க."

பல் டாக்டர் திறந்தார்.

"ஆடுது."

"தெரியும்."

"சரி, ஜாக்கிக்கு வேலை வந்துடுச்சு. சொன்ன சொல் மாற மாட்டேன். அது வண்டியிலயே இருக்கட்டும்."

டாக்டர் சேற்றில் வளைந்து கிடந்த சிவப்புத் தண்டைப் பார்த்தார். மூன்று வருஷம் தினமும் துடைத்த தண்டு. "வேணாம். நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடு."

"நிஜமாவா? எவ்வளவு ஆசையா வாங்கினீங்க!"

"போதும். போட்டுடு."

குழியில் வேண்டுமென்றே இறக்கியது மட்டும் இவளுக்குத் தெரியாது என்கிற நிம்மதி ஒன்று அவருக்கு மிச்சம் இருந்தது. ஐஸ்கட்டியைத் தாடையில் அழுத்தியபடி வீட்டுக்குள் போகத் திரும்பினார்.

அப்போது பள்ளிக்கூடத் தோட்டக்காரர் மண்வெட்டியோடு கேட் அருகே வந்து நின்றார்.

"டீச்சரம்மா, டாக்டருக்கு ஆசை தீந்துடுச்சுங்களா? நேத்து நீங்க தோண்டச் சொன்ன குழியை மூடிடட்டுமா?"