மாஸ்டர் விட்டுவைத்த ரெண்டு இஞ்ச்

"இனிமே இந்த வீட்டுக்குள்ள சுரைக்காய் வந்துச்சுன்னா, நான் வீட்டை விட்டு வெளியே போயிடுவேன்!"

தையல் மாஸ்டர் இப்படி ஒரு சபதம் செய்தார். கம்பீரமான சபதம்தான். ஒரே ஒரு குறை, வீட்டை விட்டு வெளியே போனால் வருவது அவருடைய கடை. முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவில் ஒரு திரைச்சீலை. கோபித்துக்கொண்டு கிளம்புகிற மனிதர் எட்டு அடி நடந்து தையல் மிஷின் முன்னால் உட்கார வேண்டியதுதான். அங்கேயும் எதிர் ஸ்டூலில் மனைவிதான் இருப்பாள், பட்டன் தைத்துக்கொண்டு.

"போறதுன்னா சாப்பிட்டுட்டுப் போங்க. ஆறிடும்," என்றாள் அவள்.

மாஸ்டர் உட்கார்ந்து சாப்பிட்டார். சாப்பாடு ஆறவில்லை, சபதம்தான் ஆறிப் போயிற்று.

விஷயம் ஒரு சாக்பீஸில் ஆரம்பித்தது. போன வாரம் துணியில் கோடு போடும்போது அது கை நழுவிக் கீழே விழுந்தது. மாஸ்டர் குனிந்தார். பாதி வழியில் வயிறு மறித்தது. அதற்கு மேல் குனிய வழியில்லை, நிமிரவும் மனமில்லை. பணிவான ஊழியரைப் போல மிஷினுக்கு முன்னால் அப்படியே நின்றார். கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"அப்பா, காலையிலேர்ந்து இது நாலாவது தடவை. நான் போனதுக்கப்புறம் விழுந்தா என்ன பண்ணுவீங்க?"

"வேற சாக்பீஸ் எடுப்பேன்."

"அதுவும் விழுந்தா?"

"உன் காலேஜுக்கு நேரமாகலையா?"

மனைவி பட்டனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. எதுவும் சொல்லவும் இல்லை. அவள் பேசினால் மாஸ்டருக்குப் பயமில்லை, பேசாமல் இருந்தால்தான் பயம். அன்று சாயங்காலமே எண்ணெய் டப்பா உயர்ந்த பரணுக்குப் பதவி உயர்வு பெற்றது. தட்டில் மலை மாதிரி குவிந்து கிடக்கும் உருளைக்கிழங்கு வறுவல் காணாமல் போனது. அந்த இடத்தில் அவித்த பீன்ஸ் வந்தது. மறுநாள் கேரட்டும் கோஸும். அடுத்த நாள் கீரை. அதற்கு அடுத்த நாள் சுரைக்காய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். தட்டுச் சுரைக்காயும் உதவாது என்பது மாஸ்டரின் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவர்தான் உறுப்பினர்.

"நான் என்ன நோயாளியா?" என்று அன்றைக்குக் கேட்டார், சபதத்தை விழுங்கிய கையோடு.

"இல்ல. ஆயிடக் கூடாதுன்னுதான்."

"உழைக்கிற உடம்பு! எண்ணெய் இல்லாம ஓடுமா? மிஷினுக்கே நான் வாரத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் விடுறேன்!"

"மிஷினுக்குத் தொப்பை இல்லையே."

மகள் வாயிலிருந்த சுரைக்காய் சூப்பைத் துப்பாமல் சிரிக்க ரொம்பப் பாடுபட்டாள்.

"எனக்கொண்ணும் தொப்பை இல்ல," என்றார் மாஸ்டர். "கல்யாணத்தப்ப எப்படி இருந்தேனோ அப்படியேதான் இருக்கேன்."

சொல்லியிருக்கக் கூடாது. நாக்கு சில நேரம் எஜமானைக் கேட்காமலே வேலைக்குக் கிளம்பிவிடுகிறது. மனைவி எழுந்து போனாள், பெட்டியைத் திறந்தாள், ஒரு சாம்பல் நிறப் பேன்ட்டைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டாள். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் தன் கல்யாணத்துக்கு மாஸ்டர் தன் கையாலேயே தைத்துப் போட்டுக்கொண்ட பேன்ட்.

"போட்டுக் காட்டுங்க."

போட்டார். மூச்சை உள்ளே இழுத்தார். இழுத்த மூச்சு வெளியே வரத் துடித்தது. பட்டனுக்கும் காஜாவுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி. இருபக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார். கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி இரண்டும் கிட்டே வரவே இல்லை.

"சரி, இப்படி வச்சுக்கலாம்," என்றாள் மனைவி. "நாப்பது நாள். நான் போடுறதைச் சாப்பிடுங்க. நாப்பதாம் நாள் இந்தப் பட்டன் மாட்டிச்சுன்னா, அன்னைலேர்ந்து சமையல் உங்க இஷ்டம். தினமும் வறுவல் கேட்டாலும் வாயைத் திறக்காம வறுத்துப் போடுறேன். மாட்டலைன்னா, ஆயுசுக்கும் என் இஷ்டம்."

மகள் "ஐயோ பாவம் அப்பா" என்கிற மாதிரி பார்த்தாள். ஆனால் மாஸ்டரின் கண்ணில் ஒரு ஒளி வந்தது.

அந்த ஒளிக்குக் காரணம் இருந்தது. தெருவில் அவருக்கு 'ரெண்டு இஞ்ச் மாஸ்டர்' என்றுதான் பெயர். யார் பேன்ட் தைக்கக் கொடுத்தாலும் பின்பக்கத் தையலுக்குள் ரெண்டு இஞ்ச் துணியை மடித்து உள்ளே விட்டுத்தான் தைப்பார். "நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்" என்பார். மாப்பிள்ளைப் பையன் ஒல்லிக்குச்சியாக நின்றாலும் அதையேதான் சொல்வார். வந்தவர்களுக்கு அது சாபமா ஆசீர்வாதமா என்று புரியாது. ஊருக்கெல்லாம் ரெண்டு இஞ்ச் விட்டவர் தனக்கு விடாமல் இருப்பாரா? மூன்று விரல் இடைவெளியை மாஸ்டர் கண்ணாலேயே அளந்தார். அச்சாக ரெண்டு இஞ்ச்!

"சம்மதம்!" என்றார். குரலில் சோகத்தைக் கஷ்டப்பட்டு வரவழைத்துக்கொண்டார்.

பக்கத்துக் கடைக் கடிகாரக்காரரிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னார். கடிகாரக்காரர் ஒற்றைக் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக் கழற்றிவிட்டு மாஸ்டரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாஸ்டர், அப்போ இன்னைக்கே பிரிச்சு விட்டுட வேண்டியதுதானே?"

"இன்னைக்கே பண்ணினா சந்தேகம் வரும்யா. முப்பத்தொம்பதாம் நாள் பிரிக்கணும். அதுதான் தொழில் நுணுக்கம்."

"தங்கச்சி கெட்டிக்காரியாச்சே. கண்டுபிடிச்சுட்டா?"

"அவளுக்குப் பட்டன் தெரியும், காஜா தெரியும். தையல் என் இலாகா. இருபது வருஷமா நான் பட்டனைப் பார்த்ததில்ல, அவ தையலைப் பார்த்ததில்ல. குடும்பம் அப்படித்தான் ஓடுது."

அன்றிலிருந்து மாஸ்டரிடம் ஒரு மாற்றம். சாப்பாட்டில் சண்டை இல்லை. முனகல் இல்லை. ஜெயிக்கப்போகிற ஆட்டத்தில் யாராவது முனகுவார்களா? பீன்ஸ் வைத்தால் பீன்ஸ். கோஸ் வைத்தால் கோஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அந்த வீட்டில் அதற்கு வேலையே இல்லை, பூசணிக்காய் கண்ணெதிரில்தான் இருந்தது, சோற்றைத்தான் தேட வேண்டியிருந்தது.

நடுவில் ஒருநாள் கடிகாரக்காரர் இரக்கப்பட்டு, பழைய சுவர்க்கடிகாரப் பெட்டிக்குள் ஒரு பொட்டலம் சிப்ஸை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிராமலே சொன்னாள்.

"அண்ணே, அந்தக் கடிகாரம் ஓடலையா?"

"இல்ல தங்கச்சி. சும்மா மாஸ்டர் பார்க்கணும்னு கேட்டாரு."

"உள்ளே வறுத்த வாசனை வருதே. அதான் நின்னுடுச்சு போல. எண்ணெய் பட்டாலும் ஆகாது, எடுத்துட்டுப் போயிடுங்க."

கடிகாரக்காரர் வந்த வேகத்தை விடப் போன வேகம் அதிகம்.

இதற்கிடையில் வேறு சில விஷயங்களும் நடந்தன. அவற்றை மாஸ்டர் கவனிக்கவில்லை. பூசணிக்காய் சூப்பில் மிளகுத்தூளைத் தூவி, கடைசியில் கொஞ்சம் எலுமிச்சம்பழம் பிழிவாள் மனைவி. இருபதாம் நாள் வாக்கில் அவர் கிண்ணத்தை நீட்டி, "இன்னும் கொஞ்சம் இருந்தா ஊத்து. வீணாப் போகப் போகுது" என்றார். முப்பதாம் நாள் வீணாகிற காரணத்தையும் விட்டுவிட்டு வெறுமனே கிண்ணத்தை நீட்டினார். சாப்பிட்டதும் மிஷின் மேலேயே தலை சாய்ந்து தூங்குகிற வழக்கம் எப்போது நின்றது என்று அவருக்கே தெரியாது. அவர் மனசெல்லாம் அந்த ரெண்டு இஞ்சில் இருந்தது.

முப்பத்தொன்பதாம் நாள் விடிந்தது.

"நான் சந்தைக்குப் போயிட்டு வரேன். கொஞ்சம் நேரமாகும்," என்று மனைவி பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தெருமுனையில் அவள் திரும்பும்வரை மாஸ்டர் பார்த்திருந்தார். பிறகு பெட்டியில் இருந்து பேன்ட்டை எடுத்தார். பின்பக்கத் தையலைப் பிரித்தார். உள்ளே, இருபத்திரண்டு வருஷம் வெயில் படாத ரெண்டு இஞ்ச் துணி புத்தம் புதுசாக இருந்தது. வாலிபத்தில் தான் எவ்வளவு தீர்க்கதரிசியாக இருந்திருக்கிறோம் என்று நினைத்து அவருக்குக் கண்ணே கலங்கியது. முழுசையும் பிரித்துவிட்டு, பழைய நூலாகத் தேடிப் பிடித்து, ஓரத்தில் பொட்டுப் பொட்டாகப் பொடித் தையல் போட்டார். நிறம் வித்தியாசம் தெரியாமல் இருக்கத் தேயிலைத் தண்ணீரைக்கூடத் தொட்டுத் தடவினார்.

போட்டுப் பார்த்தார். பட்டன் அலுங்காமல் மாட்டியது! முன்பக்கம் மட்டும் லேசாகக் கோணியிருந்தது. பழைய துணி, இழுத்துக்கொண்டிருக்கும் என்று விட்டுவிட்டார். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்கும் என்பது சும்மா இல்லை.

நாற்பதாம் நாள் மத்தியானம். சாட்சிக்குக் கடிகாரக்காரர், கல்லூரி விடுமுறையில் மகள், கையில் நூல்கண்டோடு மனைவி. திரைச்சீலைக்குப் பின்னால் இருந்து மாஸ்டர் மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்தார். பட்டன் மாட்டியிருந்தது. ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கடிகாரக்காரர் கைதட்டினார்.

"மாட்டிக்கிச்சே!" என்றாள் மனைவி, வியப்போடு. "ஜெயிச்சுட்டீங்க. சொன்ன சொல் சொன்னதுதான்."

பரணில் இருந்து எண்ணெய் டப்பா இறங்கியது. கால் மணி நேரத்தில் கடை முழுக்க உருளைக்கிழங்கு வாசனை. தட்டில் பழைய மலை மறுபடி எழுந்தது. மாஸ்டர் முதல் துண்டைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். இரண்டாவதைக் கண்ணைத் திறந்துகொண்டு சாப்பிட்டார். ஐந்தாவதில் வாயெல்லாம் எண்ணெய் பூசிய மாதிரி இருந்தது. ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஏழாவதைக் கடிகாரக்காரர் எடுத்துக்கொண்டார். அவருக்கு எந்த யோசனையும் இல்லை.

"என்னங்க, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. மத்தியான நேரம் பாரு... அந்த சூப்பு ஏதாவது மிச்சம் இருக்கா?"

மனைவி கட்டிங் டேபிள் மேலிருந்த சாக்பீஸை விரலால் சுண்டிக் கீழே தள்ளினாள். தொழில் பழக்கம், மாஸ்டர் சட்டென்று குனிந்து எடுத்து மேலே வைத்தார். வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. மகளும் கடிகாரக்காரரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா! குனிஞ்சீங்க!"

"நான்... அது எப்படி?" வயிற்றைத் தடவிப் பார்த்தார். பாதிவழிக் காவலாளியைக் காணோம். "அப்போ பேன்ட்டு... நான் பிரிச்சு விட்டதால..." என்று வாய் தவறியது.

"தெரியும்," என்றாள் மனைவி. "தெருவுக்கே தெரிஞ்ச ரெண்டு இஞ்ச் எனக்குத் தெரியாதா? நேத்துச் சந்தையில எனக்கு ஒரு வேலையும் இல்ல. நீங்க நிதானமா தைக்கட்டுமேன்னு ரெண்டு சுத்து சுத்திட்டு வந்தேன். நல்லா தைச்சிருக்கீங்க. தேயிலைத் தண்ணி அருமை."

"அப்போ நான் ஏமாத்தித்தானே ஜெயிச்சேன்?"

"எங்க ஏமாத்தினீங்க? இங்க பாருங்க."

இடுப்புப் பட்டையின் முனையைத் திருப்பிக் காட்டினாள். பட்டனுக்கு ரெண்டு இஞ்ச் தள்ளி, துணியில் நாலு ஊசித் துளைகள். பழைய பட்டன் இருந்த இடம்.

"முதல் நாள் நீங்க போட்டுப் பார்த்துக் கழற்றினதும், பெட்டியில திருப்பி வைக்கறதுக்கு முன்னாடியே பட்டனைப் பிரிச்சு ரெண்டு இஞ்ச் உள்ளே தள்ளித் தைச்சுட்டேன். நீங்க பின்னாடி ரெண்டு இஞ்ச் விட்டீங்க, நான் முன்னாடி ரெண்டு இஞ்ச் பிடிச்சேன். கணக்குச் சரியாப் போச்சு. இப்போ நீங்க போட்டிருக்கறது கல்யாணத்தன்னைக்கு இருந்த அதே அளவு. நிஜமாவே இளைச்சுட்டீங்க."

மாஸ்டர் பட்டனைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா தினம் சண்டை போட்டுக்கிட்டுச் சாப்பிடுவீங்க. ஜெயிச்சாச்சுன்னு நினைச்சதாலதானே வாயை மூடிக்கிட்டுச் சாப்பிட்டீங்க? அன்னைக்கு அந்த சாக்பீஸை எடுக்க முடியாம நீங்க நின்ன நிலையைப் பார்த்து எனக்கு எவ்வளவு பயமா இருந்துச்சு தெரியுமா?" அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே பழையபடி ஏறியது. "சரி, அதை விடுங்க. பந்தயம் பந்தயம்தான். இனிமே சமையல் உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு, இதுக்கு மேல பிரிச்சு விட அந்தப் பேன்ட்டுக்குள்ள துணி இல்ல."

கடிகாரக்காரர் வறுவலை மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. மாஸ்டருக்குத் தோற்ற மாதிரியும் இருந்தது, ஜெயித்த மாதிரியும் இருந்தது. எதுவானாலும் மனசுக்குச் சுகமாக இருந்தது. ஆனாலும் குடும்பத் தலைவர், ஜெயித்தவர், சாட்சி வேறு உட்கார்ந்திருக்கிறார். நெஞ்சை நிமிர்த்தினார். தொண்டையைக் கனைத்தார். தன் இஷ்டத்தை உலகுக்கு அறிவித்தார்.

"நாளைக்கு இந்த வீட்ல பூசணிக்காய் சூப்பு வைக்கணும்! இது என் முடிவு! யாரும் மறுத்துப் பேசக் கூடாது!"

"மறுக்கலைங்க," என்றாள் மனைவி, நூலை ஊசியில் கோத்தபடி. "காலையிலேயே நறுக்கி வச்சுட்டேன்."