நீதிபதியின் பையில் இரண்டு ரோல்ஸ்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் எழுதுகிற ஆள் இல்லை. ஊரில் ஓ.எல். சோதனை வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கடைச் சாமான் லிஸ்ட்டும், மகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த லீவுக் கடிதங்களும்தான் (அவையும் அவள் சொல்லச் சொல்ல எழுதியவை). நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். ஆனால் இந்தக் கதையை வீட்டில் மற்றவர்கள் சொல்லிச் சொல்லி, ரோல்ஸின் எண்ணிக்கை இப்போது பன்னிரண்டில் நிற்கிறது. இரண்டுதான். அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஜெர்மன் பேசுகிற இந்தத் துன் நகரத்தில், ஏரிக்கரை உணவகம் ஒன்றின் சமையலறையில் நானும் மலர் அக்காவும் ஒன்றாக வேலை செய்தோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், மேசையெல்லாம் ஆட்கள் நிறைந்திருந்த நேரம், முதலாளிக்கும் அக்காவுக்கும் ஒரு சூப் விஷயமாக வாக்குவாதம் வந்தது. முதலாளி, "வீட்டுக்குப் போ, இனி வரத் தேவையில்லை" என்றார். பிறகு அவர் கொடுத்த வேலைச் சான்றிதழில், அக்கா தானாகவே வேலையைப் போட்டுவிட்டுப் போனதாக எழுதியிருந்தது.

இந்த நாட்டில் அந்தத் தாள் சரியில்லையென்றால் அடுத்த வேலை கிடைக்காது. அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறை ஒன்றில் இடம் சொல்லியிருந்தார்கள். தாளைப் பார்த்ததும், திருத்திக்கொண்டு வந்தால் பார்க்கலாம், மாத முடிவு வரைதான் காத்திருப்போம் என்றார்கள். சமரசம் பேசுகிற இடத்தில் சரிவராமல் வழக்கு பிராந்திய நீதிமன்றத்துக்குப் போனது. சாட்சி ஒரே ஒரு ஆள். அது வாய் திறக்காத நான். (அப்போதும் அதே முதலாளியிடம்தான் வேலை செய்துகொண்டிருந்தேன்.)

நீதிமன்றத்தின் ஒழுங்கெல்லாம் மகள்தான் வாசித்து விளங்கப்படுத்தினாள். இப்படியான வழக்குக்கு ஒரு நீதிபதி மட்டும், பக்கத்தில் பதிவு எழுத ஒருவர். பெரிய குற்ற வழக்கு என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட நீதிபதிகள், அதில் சட்டம் படிக்காத சாதாரண ஆட்களும் சேர்ந்து இருப்பார்களாம். அப்படி ஒரு சமையல்காரர் இருந்தால் எனக்குப் பேச வசதி என்றேன்.

"அதுக்கு நீங்கள் பெரிய குற்றம் ஏதும் செய்யோணும், அம்மா" என்றாள்.

எனக்குத் தெரிந்த நீதிபதி, யாழ்ப்பாணத்தில் எட்ட நின்று பார்த்தவர். கறுப்புக் கவுன், உயரமான கதிரை, மூன்று தரம் பேர் கூப்பிட ஒரு சேவகன். அந்த மனிதரை நினைத்து நினைத்து இரண்டு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் வழக்கு நாளன்று விடிய எழும்பி எட்டு ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்தேன். சாப்பாடு கட்டாமல் வெளியே போக எனக்குத் தெரியாது.

ஒன்பது மணி வழக்குக்கு எட்டு மணிக்கே போய் நின்றேன். மேல்மாடி நடையில் ஒரு பெண் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தா. கம்பளிச் சட்டை, ஓடுவதற்குப் போடுகிற சப்பாத்து, கதிரையில் சைக்கிள் தொப்பியும் ஒரு துணிப்பையும். அங்கே வேலை செய்கிறவா என்று நினைத்தேன். (அது பிழையில்லை.) கை கொடுத்துத் தன் பேரைச் சொன்னா. நானும் என் பேரைச் சொல்லி, ஒன்பது மணிச் சாட்சி என்றேன். உடனே அவ, அப்படியென்றால் வழக்கைப் பற்றி நாங்கள் கதைக்கக்கூடாது என்றா. நல்ல அடக்கமான பிள்ளை என்று எனக்குப் பட்டது.

நீதிபதி கடுமையான ஆளோ என்று என் உடைந்த ஜெர்மனில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பிந்தி வாற ஆக்களோட மட்டும்" என்றா. காலைச் சாப்பாடு ஆனதோ என்றேன். இல்லை என்றா. ரோல்ஸை நீட்டினேன். நன்றி, வேண்டாம் என்றா. திரும்ப நீட்டினேன். உண்மையாகவே வேண்டாம் என்று சிரித்தா.

இந்த இடத்தில் என்னை வளர்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் முதல் "வேண்டாம்" மரியாதைக்கு. இரண்டாவது, மரியாதை போதாது என்று யாரும் நினைக்கக்கூடாது என்பதற்கு. அதோடு விட்டுவிட்டால் வந்தவர் பசியோடு போய், எங்களைப் பற்றி நாலு வீட்டில் சொல்லுவார். ஆகவே அவ தண்ணீர் பிடிக்கப் போன நேரம், இரண்டு ரோல்ஸை அலுமினியத் தாளில் சுற்றி அந்தத் துணிப்பைக்குள் வைத்துவிட்டேன். மனம் லேசாகிவிட்டது.

சாட்சி வெளியே இருக்க வேண்டும். ஒன்பதரை போல என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனால், கவுனும் இல்லை, சேவகனும் இல்லை. நடுக்கதிரையில் பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றியவ. அவவுக்கு முன்னால், மேசையில், என் அலுமினியப் பொதி.

எம்மன்புரூக்கேயிலிருந்து வந்திருந்த மொழிபெயர்ப்பாளர் அண்ணை தொண்டையைச் செருமினார். "இந்தப் பொதி தங்களுடையதா என்று கேட்கிறா."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதைப் பதிவில் எழுத முடியாதாம். "ஓம்" என்றேன். கோழிக்குஞ்சுச் சத்தம்.

நீதிபதி அமைதியாகச் சொன்னா: சாட்சியிடமிருந்து தான் எதையும் வாங்க முடியாது. நடந்ததை இரண்டு பக்கத்துக்கும் சொல்ல வேண்டும். யாராவது நம்பிக்கை இல்லை என்றால் தான் விலகுவா. வேறு நீதிபதி வருவார், வேறு திகதி. வேறு திகதி என்றால் ஆஸ்பத்திரி வேலை போனது. மலர் அக்கா என்னைப் பார்த்த பார்வையில் எட்டு ரோல்ஸும் திரும்பப் பொரிந்திருக்கும்.

எதிர்ப்பக்க வக்கீல் முதலாளியின் காதுக்குள் ஏதோ சொன்னார். முதலாளி பெருமூச்சு விட்டார். "இவ எல்லாருக்கும் இப்பிடித்தான். ஆறு வருசமா வேண்டாம் எண்டு சொல்லிப் பாக்கிறன்" என்று அவர் சொன்னதாக அண்ணை மொழிபெயர்த்தார். ஆட்சேபணை இல்லை.

பதிவு எழுதிய பெடியன், உள்ளே இறைச்சியோ என்று கேட்டான். "ஆட்டிறைச்சி" என்றார் அண்ணை, சாவு அறிவிக்கிற குரலில். பொரித்த உணவு, இரண்டு, திறக்காமல் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று பதிவானது.

பிறகு நீதிபதி கேட்டா, தான் இரண்டு தரம் வேண்டாம் என்று சொன்னபிறகும் ஏன் வைத்தீர்கள் என்று. இதற்கு மேல் கெட என்ன இருக்கிறது என்று எனக்கு வாய் வந்துவிட்டது.

"எங்கட ஆக்கள் முதல் சொல்லைக் கணக்கெடுக்கிறேல்லை. திரும்பச் சொன்னாலும் ஒருக்கா யோசிப்பம்."

அவ பேனாவைக் கீழே வைத்தா. "அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு என்ன நடந்தது?"

"அக்கா திங்கட்கிழமை விடிய வேலைக்கு வந்தவா. நான்தான் பின்கதவு திறந்தனான். ஏப்ரன் கட்டிக்கொண்டு நிண்டவா."

"வரத் தேவையில்லை என்று சொன்ன பிறகுமா?"

"அது கோவத்தில ஒருதரம் சொன்னது. திங்கட்கிழமை முதலாளி கதவடியில வந்து திரும்பவும் சொன்னவர். அலுமாரி பூட்டுற திறப்பையும் வாங்கினவர். பிறகுதான் அக்கா போனவா. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

இவ்வளவு நீளமாக நான் அதுவரை வெளியில் பேசியதே இல்லை. முதலாளி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் ஐந்து நிமிட அவகாசம் கேட்டார். வெளியே போய் வந்தார்கள். அக்கா தானாகப் போனதாக இருந்த வரியை எடுத்துவிட்டுப் புதுத் தாள் கொடுக்கச் சம்மதம், நல்ல வேலைக்காரி என்றும் எழுதலாம் என்றார்கள்.

படியில் இறங்கும்போது மலர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிச்சம் ஆறும் எங்கை?" என்றா. நடைபாதையில் நின்றே சாப்பிட்டோம், மொழிபெயர்ப்பாளர் அண்ணையும் சேர்ந்து. அவர் மூன்றாம் தரம்தான் வாங்கினார்.

அக்கா இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியில்தான். இப்போது அங்கே ஒரு பகுதிக்குப் பொறுப்பு. அவ வீட்டில் நான் தேத்தண்ணி வேண்டாம் என்றால், "ஒண்டு" என்று எண்ணுவா. என் வீட்டில் யாராவது விருந்தாளி வேண்டாம் என்றால், மகள் சமையலறையிலிருந்து, "பதிவு செய்யட்டோ, அம்மா?" என்பாள்.

வழக்குக்கு அடுத்த நாள் காலை ஆறரைக்கு வேலைக்குப் போனேன். முதலாளி வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். இரண்டு பெட்டி கரட் வந்திருந்தது. தோல் சீவத் தொடங்கினேன்.