காப்பாளரை அழைத்து வரவும்

சிறார்கள் கைபேசியால் சீரழிவதைத் தடுக்கும் பொருட்டு அரசு ஒரு துறையை உருவாக்கி, அதற்கு ஓர் இணை இயக்குநரையும், அவருக்கு ஒரு சுழல் நாற்காலியையும் வழங்கியது. நாற்காலி நன்றாகவே வேலை செய்தது.

பிள்ளைகள்தான் வயதைக் கூட்டிச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். பால்பல் விழாத வாண்டு ஒன்று கைபேசியில் தன்னை ஓய்வுபெற்ற நீதிபதி என்று பதிந்திருந்தது.

"இனிமே வயசைக் கேக்காதீங்க, நடத்தையைப் பாருங்க" என்றார் இணை இயக்குநர்.

அவ்வாறே ஆணை பிறந்தது. கூப்பிட்டால் ஏனென்று கேளாமை, சோற்றில் ஒரு கையும் திரையில் ஒரு கையுமாக இருத்தல், "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிப் பொழுதை ஓட்டுதல், பிடுங்கினால் சிடுசிடுத்தல் ஆகியவை காணப்படும் நபர் சிறார் எனக் கருதப்படுவார். அவர் கைபேசி தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால், சிறார் அல்லாத ஒருவர் காப்பாளராக வந்து விரல் வைக்க வேண்டும்.

மென்பொருள்காரர் தலையைச் சொறிந்தார். "சார், இதுல பெரியவங்களும் மாட்டுவாங்களே?"

"பெரியவங்க ஏன்யா இப்படியெல்லாம் பண்ணப் போறாங்க?" என்று கைபேசியிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார் இணை இயக்குநர்.

தொடக்க விழா ஒழுங்காக முடிந்தால் இயக்குநர் பதவி அவருக்குத்தான் என்று அமைச்சரே வாயால் சொல்லியிருந்தார். அமைச்சரின் உரையோ இவர் கைபேசியில் இருந்தது. அமைச்சர் திட்டத்தின் தொடக்கப் பொத்தானை அமுக்கினார். அரங்கம் முழுக்க டொக் டொக்கென்று பூட்டு விழுந்தது.

"உரை எங்கய்யா?"

"பூட்டிக்கிச்சுங்க ஐயா. நீங்க ஒரு விரல் வெச்சீங்கன்னா..."

வைத்தார். 'நீங்களும் சிறார். காப்பாளரை அழைத்து வரவும்' என்றது திரை. மேடையில் இருந்த எல்லா விரலுக்கும் அதே பதில்.

இணை இயக்குநர் கைபேசியோடு மேடையிலிருந்து இறங்கி ஓடினார். முன்வரிசையில் அவர் மகள் உட்கார்ந்திருந்தாள். தேர்வுக்காக அவள் கைபேசியை அவரே பிடுங்கி பீரோவில் வைத்திருந்ததால், அவள்மேல் குற்றம் ஒன்றும் பதிவாகவில்லை.

"அம்மாடி, ஒரு விரல் வைடா."

"எதுக்குப்பா? படிக்கத்தானே?"

"படிக்கத்தான்."

"வேற எதையும் நோண்ட மாட்டீங்களே?"

"சத்தியமா."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க." என்றாலும் பாவம் பார்த்து வைத்தாள். திறந்தது.

உடனே அவள்முன் வரிசை நின்றது. முதல் ஆள் அமைச்சர். "கண்ணுக்குக் கிட்ட வெச்சுப் பாக்காதீங்க" என்றாள். "சரிம்மா" என்றார் அவர்.

அப்பா இயக்குநரானார். மகள் நகரத் தலைமைக் காப்பாளரானாள். இருந்த இடத்திலிருந்தே ஊருக்கெல்லாம் விரல் வைக்க, அவளுக்கு அரசுச் செலவில் புதுக் கைபேசி ஒன்று அளிக்கப்பட்டது. விண்ணப்பங்கள் கொட்டின. அவள் குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு கையால் சாப்பிட்டாள், மறு கையால் அனுமதித்தாள். அம்மா கூப்பிட்டாள், பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள்.

"ரெண்டே நிமிஷம்மா."

டொக்.

காப்பாளரே சிறார் என்றானதால், அவள் திறந்துவிட்டவை எல்லாம் மறுபடி பூட்டிக்கொண்டன.

மாலையில் இயக்குநர் நிருபர்களைக் கூட்டி, மாபெரும் வெற்றியை அறிவித்தார். "இந்த நகரத்துல இப்போ ஒரு சிறார்கூட கைபேசி பயன்படுத்தலை."

"பெரியவங்க சார்?" என்றார் ஒரு நிருபர்.

"அப்படி யாரும் இங்க இருக்கறதா துறைக்குத் தகவல் இல்லை."