கப்பலின் மேல்தளத்தில் ஏறக்கூடாது

மனித குலத்தின் தலைசிறந்த கண்டுபிடிப்பு சக்கரம் என்பார்கள் சிலர். நெருப்பு என்பார்கள் சிலர். விவரம் தெரியாதவர்கள். தலைசிறந்த கண்டுபிடிப்பு 'மாதிரி உத்தரவு'. சக்கரம் இல்லாவிட்டால் நடந்து போகலாம். நெருப்பு இல்லாவிட்டால் பச்சையாகத் தின்னலாம். மாதிரி உத்தரவு இல்லாவிட்டால், நீதிமன்றம் ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக யோசிக்க வேண்டி வந்துவிடும். அந்தப் பேரபாயத்திலிருந்து நாட்டைக் காத்து வருபவர்களில் ஒருவர்தான் நகலார்.

நகலார் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. இருபத்தாறு வருடங்களாக ஒரே குற்றவியல் நீதிமன்றத்தில், ஒரே நாற்காலியில் தட்டச்சராக இருக்கிறார். இத்தனை வருடங்களில் ஓர் உத்தரவைக்கூட அவர் புதிதாக அடித்ததில்லை. கடைசியாக அடித்ததைக் கணினியில் திறப்பார், பெயர்களை மாற்றுவார், தேதியை மாற்றுவார், அடியில் தன் பெயரின் இரண்டு எழுத்தைப் பொடியாகப் போட்டு அச்செடுத்துவிடுவார். இதைப் பார்த்துத்தான் அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். கிண்டல் என்று அவருக்குப் புரிய நான்கு வருடம் ஆயிற்று. அதற்குள் அது அவருக்குப் பிடித்துப் போயிருந்தது.

அவருக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. தான் அடிப்பதை அவர் படிக்கமாட்டார்.

"படிச்சா கை நிக்கும். கை நின்னா கோர்ட்டே நிக்கும்" என்பார்.

அப்படிப்பட்ட கர்மயோகி ஒரு புதன்கிழமை செய்த காரியம்தான் இங்கே பதிவு செய்யப்படுகிறது.

ஊரின் வடக்கே, வீட்டு வாரியத்துக்குச் சொந்தமான நான்காம் பிளாக் என்ற அடுக்குமாடி இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, சரிசெய்து கொடுங்கள் என்று குடியிருப்பவர்கள் பதினொரு வருடங்களாக மனு கொடுத்து வந்தார்கள். பதினோராவது வருடம் வாரியம் மனமிரங்கியது. ஆமாம், கட்டடம் ஆபத்தானதுதான், இடித்துவிடுகிறோம் என்று ஒப்புக்கொண்டது. இடிக்கும் நாள்வரை அங்கேயே குடியிருப்பவர்களுக்கு மாற்று வீடு தரவேண்டும் என்பது விதி. ஆகவே, இருக்கிறார்களா இல்லையா என்று பார்க்க வாரியம் ஒரு வருகைப் பதிவேடு வைத்தது. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் தினமும் தன் கையால் அதில் கையெழுத்துப் போடவேண்டும். தொடர்ந்து பத்து நாள் போடாவிட்டால், அவர் 'மனமுவந்து காலி செய்தவர்' ஆகிவிடுவார். மாற்று வீடு கிடையாது. இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டு, குடியிருப்பவர்களின் பாதுகாப்பை முன்னிட்டுத் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டித்தது.

அன்று காலை பதினொரு பெண்கள் பாயும் தலையணையுமாக வாரிய அலுவலகத்தின் பார்வையாளர் கூடத்துக்கு வந்து படுத்துக்கொண்டார்கள். "இங்க தண்ணி வருது, ஃபேன் சுத்துது. எங்க வீட்டுல வர்ற வரைக்கும் இங்கயே இருந்துக்கிறோம்" என்றார்கள். காவல்துறை அரை மணி நேரத்தில் நிலைமையைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. கைப்பற்றப்பட்ட ஆயுதங்கள்: பாய் ஆறு, தலையணை ஒன்பது, கொசுவலை ஒன்று.

மதியம் பதினொருவரும் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார்கள். கூட்டம் அதிகம் என்பதால் வேனிலேயே உட்காரவைக்கப்பட்டார்கள். உள்ளே அரசு வக்கீல் எழுந்தார்.

"இவங்களுக்கு நிலையான முகவரி இல்லைங்க ஐயா. வெளிய விட்டா ஓடிப்போயிடுவாங்க."

"நான்காம் பிளாக்னு போட்டிருக்கே?" என்றார் நீதிபதி.

"அதை இடிக்கப்போறாங்கய்யா."

"ஓ! அப்போ சரி."

அன்றைய பட்டியலில் இது ஐம்பத்தெட்டாவது வழக்கு. நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். "வழக்கமான நிபந்தனைகளோட ஜாமீன்" என்றார். நகலார் கடைசியாக அடித்த ஜாமீன் உத்தரவைத் திறந்தார். குற்றம் சாட்டப்பட்ட 'எதிரிகள்' என்ற இடத்தில் பதினொரு பெயர்களையும் அவர்களுடைய தகப்பனார் பெயர்களையும் மாற்றினார். நான்கு நிமிடத்தில் உத்தரவு தயார். நீதிபதி அதில் நான்கு நொடியில் கையெழுத்திட்டார். வேகத்தில் இருவருக்கும் இடையே எப்போதுமே ஓர் ஆரோக்கியமான போட்டி உண்டு.

மறுநாள் மாலை நகலாரின் வீட்டுக்கு அவருடைய அக்கா மகள் வந்தாள். மருத்துவமனை ஒன்றில் செவிலியாக வேலை பார்த்து, அங்கேயே விடுதியில் தங்கியிருப்பவள். செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு காகிதத்தை நீட்டினாள்.

"மாமா, அம்மாவை ஜெயில்ல போட்டுட்டாங்க. இதைக் கொஞ்சம் படிச்சு சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

நகலாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா நான்காம் பிளாக்கில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. மூன்று மாதத்துக்கு முன் அவள் வந்து, "தண்ணியை நிறுத்தப் போறாங்களாம்டா. ஒரு மனு டைப் அடிச்சுக் குடு" என்று கேட்டாள். "இதுக்கு மாதிரி இல்லையேக்கா" என்று அவர் கையை விரித்தார். அதற்குப் பிறகு அவள் பக்கமே அவர் போகவில்லை.

காகிதத்தை வாங்கிப் பார்த்தார். ஓரங்கள் நேர்த்தியாக இருந்தன. வரிகளுக்கு நடுவே இடைவெளி கச்சிதம். யாரோ கைதேர்ந்தவர் அடித்தது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டே அடிக்கு வந்தார். அங்கே அவருடைய இரண்டு எழுத்து இருந்தது.

"ஏழாவது எதிரி, அம்மாதான்" என்றாள் அக்கா மகள். "தாத்தா பேரும் போட்டிருக்கு."

இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, நகலார் தான் அடித்ததைப் படித்தார். தன்னைப் பெற்ற தகப்பனின் பெயரைத் தன் கையாலேயே அடித்தும் அவருடைய கை நிற்கவில்லை. எப்பேர்ப்பட்ட ஒருமுகப்பாடு!

"நிபந்தனையைப் படிங்க மாமா. 'எதிரி எந்தக் கப்பலின் மேல்தளத்திலும் ஏறக்கூடாது.' எங்கம்மா மாடிப்படி ஏறவே முட்டி வலிக்குதுன்னு உக்காந்து உக்காந்து ஏறுவாங்க. இந்த ஊர்ல கடலே கிடையாதே!"

நகலாருக்கு விளங்கியது. கடைசியாக அடித்த உத்தரவு, தங்கம் கடத்தி இந்த ஊரில் விற்க வந்து மாட்டிய ஒரு கப்பல் கேப்டனுடையது. பெயரும் தேதியும் மாறியிருந்தன. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. ஜாமீன் தொகையும் கேப்டனின் தகுதிக்கு ஏற்றபடியே. அதை வைத்து ஒரு கப்பல் வாங்க முடியாது. ஒரு நல்ல நங்கூரம் வாங்கலாம். பதினொருவரும் தலைக்கு ஒரு நங்கூரம் கட்டவேண்டும். ஆளுக்கு இரண்டு ஜாமீன்தாரர், இருவருக்கும் நகர எல்லைக்குள் சொந்த வீடு இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்கவேண்டும். தினமும் காலையில் துறைமுக அதிகாரி முன்பு கையெழுத்திட வேண்டும்.

"அம்மாகிட்ட பாஸ்போர்ட் இல்லைன்னு சொன்னேன் மாமா. 'இல்லைன்னா புதுசா எடுத்துட்டு வந்து ஒப்படைங்க'ன்னு ஜெயிலர் சொல்றார். எடுக்கறதுக்கு முகவரிச் சான்று வேணுமாம். முகவரியைத்தான் இடிக்கப்போறாங்களே!" அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "இன்னைக்கு அந்தப் பதிவேட்டுல நான் கையெழுத்துப் போடப் போனேன். வீடு அம்மா பேர்ல இருக்கு, அவங்கதான் வரணும்னு துரத்திட்டாங்க. ரெண்டு நாள் போச்சு. பத்து நாள் ஆயிட்டா வீடு போயிடும் மாமா. யாரு இப்படி அடிச்சிருப்பா?"

"கம்ப்யூட்டர்" என்றார் நகலார். உடனடியாகவும், சற்றும் தயக்கமின்றியும்.

மறுநாள் அவர் ஹெட்கிளார்க்கிடம் போனார். ஹெட்கிளார்க் உத்தரவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், நோட்டு கள்ளநோட்டா என்று பார்ப்பதுபோல.

"தப்பா? கோர்ட் உத்தரவுல எப்படிய்யா தப்பு வரும்?"

"கப்பல்னு வந்திருக்கு சார்."

"வந்தா இருக்கட்டுமே. அவங்க கப்பல்ல ஏறப்போறாங்களா?"

"இல்ல சார்."

"அப்ப நிபந்தனையை மீறமாட்டாங்க. நல்லதுதானே? திருத்தணும்னா எதிரி நேர்ல வந்து மனுவுல கையெழுத்துப் போடணும்."

"எதிரி ஜெயில்ல இருக்காங்க சார்."

"ஜாமீன்ல வந்து போடச் சொல்லு."

இலவச சட்ட உதவி வக்கீல் வேறொரு மனு போட்டார். அது பதினைந்தாம் நாளுக்குப் பட்டியலிடப்பட்டது. பத்துக்கும் பதினைந்துக்கும் இடையே என்ன வித்தியாசம் என்பது நீதிமன்றத்தில் யாருக்கும் தெரியவில்லை. நகலாருக்குத் தெரிந்தது. ஆனாலும் நீதிபதியின் அறைக்குள் போய், "ஐயா, தப்பு என்னுது" என்று மூன்று வார்த்தை சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு முறை கதவு வரை போனார். இரண்டு முறையும் மின்விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பினார். வீரம் என்பதில் பல வகை உண்டு. இது அதில் எந்த வகையிலும் சேராது.

ஆறாம் நாள் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.  வேலை போய்விட்டது என்றே நகலார் நினைத்தார். கடிதம் இப்படிச் சொன்னது: 'வீட்டு வாரியக் கிளர்ச்சியாளர்கள் வழக்கில் விதிக்கப்பட்ட நிபந்தனைகள், கடல் மார்க்கம் உட்பட தப்பிச்செல்லும் எல்லா வழிகளையும் அடைத்திருப்பது முன்யோசனைக்கு எடுத்துக்காட்டு. இனி இத்தகைய வழக்குகள் அனைத்துக்கும் இதுவே மாதிரி உத்தரவாகக் கொள்ளப்படும்.' தட்டச்சருக்குப் பத்தாம் நாள் விழா எடுத்துப் பாராட்டுச் சான்றிதழ் வழங்கவும் ஏற்பாடாயிற்று.

இருபத்தாறு வருடம் அடுத்தவர் உத்தரவை நகலெடுத்தவர். இப்போது அவருடைய உத்தரவை நாடே நகலெடுக்கப் போகிறது. வீட்டுக்குப் போகும் வழியில் அவருக்கு நிஜமாகவே பெருமையாக இருந்தது. வெட்கக்கேடு, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

எட்டாம் நாள் அவர் சிறைக்குப் போனார். கம்பி வலைக்கு அப்பால் அக்கா வந்து நின்றாள். தையல்காரி. அவள் ஓவர்லாக் அடித்த காசில்தான் நகலார் தட்டச்சுப் பள்ளிக்குப் போனார்.

"வாடா. சாப்பிட்டியா?" என்றாள்.

"நீ எப்படிக்கா இருக்கே?"

"எனக்கென்ன? கூரை ஒழுகல. ரெண்டு வேளை தண்ணி வருது. லைட் எரியுது. பதினொரு வருஷமா எழுதிக் கேட்டதையெல்லாம் இங்க குடுத்துட்டாங்க. வாடகைகூடக் கேக்கல."

நகலார் சிரிக்க முயன்றார். முடியவில்லை.

"எங்களோட ரிட்டயர்டு டீச்சர் ஒருத்தங்க இருக்காங்க" என்றாள் அக்கா. "உன் உத்தரவை சத்தமா படிச்சாங்க. மேல்தளம் வந்ததும் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். வார்டன் வந்து அதட்டுற அளவுக்கு. அப்புறம் கடைசி வரியில ரெண்டு எழுத்து வந்துச்சு. நான் சிரிக்கறதை நிறுத்திட்டேன்."

நகலார் தலைகுனிந்து நின்றார்.

"வேணும்னு பண்ணியிருக்க மாட்டே. அது எனக்குத் தெரியாதா? நீ படிக்கல. உன் ஜட்ஜ் ஐயாவும் படிக்கல. ஜெயிலர் பாஸ்போர்ட் வரைக்கும் படிச்சார். முழுசா படிச்சது உள்ள இருக்கிற நாங்க பதினொரு பேர்தான்டா." அவள் வலையில் விரலை வைத்தாள். "நாளைக்கு ஒன்பதாம் நாள். எனக்கு மட்டும் ஏதாவது பண்ணிட்டுப் போயிடாதே. பதினொரு பேருக்கும் பண்ணு."

"எப்படிக்கா பண்றது? அதுக்கு மாதிரி..."

வாயில் வந்ததை அவர் பாதியிலேயே விழுங்கிக்கொண்டார்.  பார்வையாளர் நேரம் முடிந்ததாக மணி அடித்தது.

ஒன்பதாம் நாள் காலை, அலுவலகம் திறக்கும்போதே நகலார் போய் உட்கார்ந்தார். கணினியில் பழைய கோப்பு எதையும் திறக்கவில்லை. வெற்றுப் பக்கம் ஒன்று திறந்தது. இருபத்தாறு வருடத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. எவ்வளவு வெள்ளையாக இருக்கிறது என்று திகைத்துப் போனார். முதல் வரிக்கே அரை மணி நேரம் ஆயிற்று. மனித குலம், சக்கரம், நெருப்பு என்றெல்லாம் சுற்றி வளைத்துத்தான் விஷயத்துக்கு வர முடிந்தது. தன்னைப் பற்றிச் சொல்லக் கூச்சமாக இருந்ததால் யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். வழக்கத்தை விட முடியாமல் நடுநடுவே புகழ்ந்தும் வைத்தார்.

மாண்புமிகு நீதிபதி ஐயா அவர்களுக்கு: மேற்படி நகலார் நான்தான். மேற்படி கதை என் வாக்குமூலம். தப்பு என்னுடையது. பதினொருவரின் உத்தரவையும் இன்றைக்கே திருத்தித் தரவேண்டுகிறேன். சொந்த வீடு உள்ள ஜாமீன்தாரர் வேண்டுமென்றால், எனக்கு இரண்டு அறை கொண்ட வீடு ஒன்று உண்டு, பத்திரம் இணைத்திருக்கிறேன். என் மனைவி சம்மதித்துவிட்டாள். சம்மதிக்கும்போது அவள் சொன்ன வார்த்தைகளைக் கோப்பில் சேர்க்க இயலாது. என்மேல் என்ன நடவடிக்கை எடுப்பதானாலும் எடுங்கள். நாளைய விழாவை மட்டும் ரத்து செய்யுங்கள். நாளை பத்தாம் நாள். அந்தப் பதினொரு பேரும் வேறோரிடத்தில் கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது.

இது கொஞ்சம் நீளம்தான், ஐயா. இதற்கு மாதிரி கிடைக்கவில்லை. நான் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன். தங்கள் கையெழுத்துக்கான இடம் கீழே இருக்கிறது. தயவுசெய்து இதையாவது படித்துவிட்டுப் போடவும்.